பெட்டிக்குள் இருந்த மாப்பிள்ளை

கல்முனைப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளையானவர் கலியாணம் முடிந்த கையோடு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்து சேர வேண்டியவர். அஸ்பாக்கும் அப்படித்தான் கல்முனைக்குடிக்கு வந்தான். ஆனால் அவனுடைய பெட்டிக்குள் இருந்தது மேலுக்கு ரெண்டு சேட், இடுப்பில் உடுக்க ஒரு சாரன், ஒரு சென்ட் போத்தல். மிச்சமெல்லாம் சாய்ந்தமருதில் உம்மா வீட்டில் கிடந்தன. முகம் வழிக்க வேண்டுமென்றால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே போவான். நகம் வெட்டவும் அங்கேதான். மழை வந்தால் மழைக்கோட்டை எடுத்துவர நனைந்துகொண்டே போவான்.

"நீங்க என்னக் கலியாணம் முடிச்சிரிக்கீங்களா, இல்லாட்டி விருந்துக்கு வந்து நிக்கீங்களா?" என்று பெண்சாதி றஸ்னா கேட்டே விட்டாள்.

"பையப் பைய கொண்டு வாறன் புள்ள. என்ன அவசரம்?" என்றான் அஸ்பாக்.

அவசரம் இல்லாததற்குக் காரணம் இருந்தது. போன் திருத்துகிற சாமான்கள், கவர்கள், சார்ஜர்கள் என்று சாக்குச் சாக்காக உம்மா வீட்டில் வைத்திருந்தான். அவை வந்து இறங்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தின் மேல்தான் அவனுக்குக் கண்.

றஸ்னாவின் வாப்பா மஜீட், மகளுக்கு வீடு கட்டும்போது ரோட்டைப் பார்த்தபடி ஓர் அறை இறக்கி, அதற்கு இரும்புச் சட்டரும் போட்டு விட்டார். எதற்கு என்று கேட்டவர்களுக்கு, "கிடக்கட்டும், என்னத்துக்காச்சும் உதவும்" என்று சொன்னார். எதற்கு உதவும் என்பதில்தான் புருஷன் பெண்சாதிக்குள் இழுபறி. அஸ்பாக்குக்கு அது போன் கடை. றஸ்னாவுக்கு அது அலுவலகம். அவள் கணினி படித்தவள். கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறவள். கட்டிலின் விளிம்பில் குந்தி, மடியில் லப்டொப்பை வைத்து எழுதி எழுதி முதுகு போய்விட்டது என்பது அவளுடைய முறைப்பாடு. வாடிக்கையாளர் வந்தால் படுக்கை அறைக்குள்ளா கூட்டிப் போவது என்பது அதைவிடப் பெரிய முறைப்பாடு.

"நீங்க ரெண்டு பேரும் கதைச்சு ஒரு முடிவுக்கு வாங்க. என்ன இதுக்குள்ள இழுக்காதீங்க" என்று மஜீட் ஒதுங்கிக்கொண்டார். ஒரு பக்கம் மகள், மறுபக்கம் மருமகன். இரண்டுக்கும் நடுவில் தலையைக் கொடுக்க அவர் என்ன விளக்கமில்லாதவரா?

அந்த நேரம் பார்த்துத்தான் மருதமுனை முத்தலிப் ஹாஜியார் ஆள் அனுப்பினார். கைத்தறிச் சாரனும் சாரியும் விற்கிறவர். கடையைப் பெரிதாக்கித் திறப்பு விழா வைக்கப் போகிறார். அவருக்கு ஒரு நீண்ட நாள் எரிச்சல்.

"ஒரு சாரன் வாங்க வாறவன், ராக்கையில இரிக்கிற அம்புட்டையும் அவிழ்த்துப் பாக்கான். பாத்திட்டு, நாளைக்கு வாறன் எண்டு போறான். மடிச்சு வைக்கிற ஆரு?" என்றார். சுவரில் பெரிய டீவி ஒன்று மாட்டியாகிவிட்டது. சாரனின் இலக்கத்தை அடித்தால் அதில் படம் வர வேண்டும், பிடித்ததை மட்டும் அவிழ்த்துக் காட்டினால் போதும்.

றஸ்னா அதை ஜாவா என்கிற கணினி மொழியில் எழுதினாள். அவளுடைய லப்டொப்பில் அது பூப்போல வேலை செய்தது. பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, அஸ்பாக்கின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி மருதமுனைக்குப் போனாள். கடைக் கணினியில் போட்டு 101 என்று அடித்தாள். பெயர் வந்தது, விலை வந்தது. படம் வர வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைச் சதுரம். 102 அடித்தாள். அதுவும் வெள்ளை.

ஹாஜியார் டீவிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"என்ன புள்ள, எல்லாம் வெள்ளையா வருது? செத்தவனுக்குச் சுத்துற கபன் துணி நான் விக்கலியே."

"என்ட லப்டொப்பில நல்லா வந்திச்சு ஹாஜியார்."

"உன்ட லப்டொப்பில வந்தா? என்ட கஸ்டமர் எல்லாரும் உன்ட ஊட்டுக்கா வாற?"

கடையே சிரித்தது. அதில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் அஸ்பாக். கட்டிய புருஷன் அப்படிச் சிரித்திருக்கக் கூடாது. றஸ்னா திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் சிரிப்பு பாதியில் நின்றது, ஆனாலும் உள்ளுக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. முன்னறை தன் பக்கம் சாய்வது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து லப்டொப்பைத் திறந்த றஸ்னா, கொஞ்ச நேரத்தில் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"என்ன பிழை?" என்றான் அஸ்பாக்.

"படம் எங்க இரிக்கி எண்டு இதுக்குச் சொல்லிக் குடுத்திரிக்கன். என்ட லப்டொப், அதுக்குள்ள என்ட பேர் போட்ட போல்டர், அதுக்குள்ள படம் எண்டு. ஹாஜியார்ட கணினியில என்ட போல்டர் எங்க இரிக்கி? அது போய்த் தேடிப் பாத்திட்டு, இல்ல எண்டு சும்மா நிண்டிட்டு." அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தப் புரோகிராமும் உங்களப் போலதான் மச்சான். சாமானெல்லாத்தையும் உம்மா ஊட்டில வெச்சிட்டு, கைய வீசிக்கிட்டு வந்திரிக்கி."

அஸ்பாக் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "மறுகா என்ன செய்யப் போற?"

"பெட்டிக்குள்ள கட்டப் போறன். புரோகிராமும் படமும் ஒரே பெட்டி. ஜார் எண்டு சொல்லுற அதத்தான். வெளிய எங்கயும் தேடாத, உன்ட பெட்டிக்குள்ளயே பாரு எண்டு சொல்லிட்டா, எந்தக் கணினிக்குக் கொண்டு போனாலும் படம் கூடவே வரும்."

"நல்ல யோசினை." அஸ்பாக் ஒன்றும் தெரியாதவன் போல நாடியைச் சொறிந்தான். "பெட்டி கட்டினத்துக்குப் புறகு புதுப் படம் ஒண்டு வந்தா?"

"கழட்டித் திருப்பிக் கட்டோணும். இந்த லப்டொப்பில நான்தான் கட்டோணும்."

"தேடின படம் பெட்டிக்குள்ள இல்லாட்டி?"

"ஒண்டுமில்ல எண்டு திருப்பித் தரும். அதக் கவனிக்காம விட்டா முழுப் புரோகிராமும் விழுந்திரும்" என்றாள் கொட்டாவி விட்டபடி. அவள் கொட்டாவி விட்டாள். அவன் இரண்டையும் மனதில் முடிந்துகொண்டான்.

அடுத்த நாள் காலை, மஜீட் ரொட்டியும் சம்பலும் தின்றுகொண்டிருக்கும்போது அஸ்பாக் கதையைத் தொடங்கினான். பந்தயம் ஹறாம் என்று இருவருக்கும் தெரியும். ஆகவே அதற்கு 'பேச்சு' என்று பெயர் வைத்தார்கள். பெயரை மாற்றினால் பாவம் குறையும் என்று நினைக்கிற சனம் எந்த ஊரில்தான் இல்லை?

"திறப்பு விழா அண்டைக்கு எந்த நம்பர அடிச்சாலும் படம் வரோணும். ஒரு எடம் வெள்ளையா நிண்டாலோ, புரோகிராம் விழுந்தாலோ அறை எனக்கு" என்றான் அஸ்பாக்.

"எந்த நம்பர அடிச்சாலுமா?"

"எந்த நம்பரும்."

"வந்தா அறை எனக்கு. மறுகா நீங்க வாய் தொறக்கக் கூடாது."

"தொறக்க மாட்டன். மாமா சாட்சி."

"என்ன இழுக்காதீங்க எண்டு சொன்னன்தானே" என்றார் மஜீட், ரொட்டியிலிருந்து தலையை எடுக்காமல். ஆனால் காது இரண்டும் அவர்கள் பக்கம்தான் இருந்தன.

றஸ்னா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு லப்டொப்பைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு எதையோ தட்டினாள். அஸ்பாக் அதைக் கவனிக்கவில்லை. அவன் அப்போதே மருதமுனைக்குக் கிளம்பிவிட்டான்.

ஹாஜியாரின் கடைக்குப் பின்னால் தறி ஓடுகிற இடம். பெருநாளைக்கென்று மூன்று புது டிசைனில் சாரன்கள் அங்கே தயாராகிக்கொண்டிருப்பது அஸ்பாக்குக்குத் தெரியும். ஹாஜியாருக்குப் பக்கத்தில் போய்க் குந்தினான்.

"ஹாஜியார், திறப்பு விழாவுக்குப் பழைய சாரனயா காட்டப் போறீங்க? சனம் என்ன சொல்லும்? கடை புதுசு, சரக்குப் பழசு எண்டு சொல்லாதா?"

ஹாஜியாருக்கு அது சுருக்கென்று தைத்தது. தாடியைத் தடவினார். "பெருநாளைக்கு வெச்சிரிந்தன் மனே..."

"பெருநாளைக்கு வேற நெய்யலாம். இதுகள இறக்குங்க. ஊரே கதைக்கும்."

"அப்ப றஸ்னாப் புள்ளைக்கிட்டச் சொல்லோணுமே. படம் எடுக்கோணுமே."

"அத நான் சொல்லிறன். நீங்க ஏன் கரச்சல்படுறீங்க?"

அவன் சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமல்ல, திரும்பி வரும் வழியில் கல்முனையில் கூட்டாளி ஒருவனின் கடையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, தகரத்தில் 'அஸ்பாக் போன் ஹவுஸ்' என்று சிவப்பு எழுத்தில் ஒரு போர்ட் எழுதக் கொடுத்தான். அது எழுதி வந்ததும் உம்மா வீட்டில் சாக்குகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். பெண்சாதி பாவம் என்று ஒரு தடவை மனதில் பட்டது. இரும்புச் சட்டரை மேலே தூக்கும்போது வரும் சத்தம் ஞாபகம் வந்ததும் அந்தப் பாவமெல்லாம் பறந்துவிட்டது.

திறப்பு விழா அன்று ஹாஜியாரின் கடையில் சனம் நிறைந்து நின்றது. மௌலவி துஆ ஓதி முடித்ததும் இனிப்பு வட்டிலப்பமும் தேத்தண்ணியும் கை கையாகப் போயின. றஸ்னா மேசையடியில் நின்றாள், மஜீட் தேத்தண்ணிக் கோப்பையோடு ஒரு பக்கம் ஒதுங்கி நின்றார். புதிதாகக் கட்டிய பெட்டி கடைக் கணினியில் ஏறியிருந்தது. ஹாஜியார் பிஸ்மில்லாஹ் சொல்லி, ஒற்றை விரலால் 101 அடித்தார். டீவி நிறைய நீலக் கட்டம் போட்ட சாரன் வந்து நின்றது. நூல் நூலாகத் தெரிந்தது. 102 அடித்தார். பச்சைக் கரை. சனம் "மாஷா அல்லாஹ்" என்றது. றஸ்னாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து அஸ்பாக் வட்டிலப்பத்தை ஒரு வாய் கூடவே போட்டுக்கொண்டான். கொஞ்ச நேரம் சந்தோசப்படட்டுமே என்ற பெருந்தன்மை.

"இனி என்ட புதுச் சரக்கு!" என்று ஹாஜியார் கண்ணாடி அலுமாரியின் திரையை இழுத்தார். மூன்று சாரன்களும் பளபளவென்று இருந்தன. 501, 502, 503 என்று துண்டு குத்தியிருந்தது.

றஸ்னா அவற்றை அப்போதுதான் பார்த்தாள். மெதுவாகத் தலையைத் திருப்பி அஸ்பாக்கைப் பார்த்தாள். அஸ்பாக் மேலே சுழலும் காற்றாடியைப் பார்த்தான். அவ்வளவு அக்கறையாகக் காற்றாடியைப் பார்த்த மனிதனை அந்தக் கடை அதற்கு முன் கண்டதில்லை.

கீபோர்டுக்குக் கிட்ட நின்றவர் தர்சிகா டீச்சர். பாண்டிருப்பிலிருந்து புருஷனுக்குச் சாரன் வாங்க வந்தவர். "நான் அடிச்சுப் பாக்கட்டா ஹாஜியார்?" என்று கேட்டு 501 என்று அடித்தார்.

டீவியில் ஓர் ஆள் வந்தான்.

பாயில் மல்லாக்கக் கிடந்தான். வாய், குளத்து வான்கதவு போலத் திறந்து கிடந்தது. பனியனில் ஓர் ஓட்டை. வயிற்றின் மேல் ஒரு சார்ஜர், அதன் வயர் கழுத்தைச் சுற்றிக் கிடந்தது. ஒரு கால் நேராக, மற்றக் கால் சுவரில் ஏறி நின்றது.

தர்சிகா டீச்சர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். பிறகு கூரை கிளம்புகிற மாதிரிச் சிரிப்பு. அஸ்பாக்கும் விழுந்து விழுந்து சிரித்தான். எவன்டா இவன், இப்பிடிக் கிடக்கிறவன் என்று சிரித்துக்கொண்டே பார்த்தவனின் கண் பனியன் ஓட்டையில் போய் நின்றது. அந்த ஓட்டை அவனுக்குத் தெரிந்த ஓட்டை. கை தானாகப் போய்ச் சேட்டுக்கு மேலால் வயிற்றைத் தடவியது.

"இந்த 501 என்ன விலை ஹாஜியார்?" என்று தர்சிகா டீச்சர் முகத்தை மாற்றாமல் கேட்டார். "கைத்தறிதானே? சாயம் போகாதே?"

அஸ்பாக் பாய்ந்து போய் 502 அடித்தான். அவனே வந்தான். 503 அடித்தான். அப்போதும் அவனே, அதே வாயோடு. கணினிக்குள் படத்தைத் தேடி அழிக்கப் பார்த்தான். ஒரு போல்டரும் இல்லை. தனியாக ஒரே ஒரு கோப்பு இருந்தது, பூட்டிய பெட்டி போல.

"படம் எங்க புள்ள?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"பெட்டிக்குள்ள. இல்லாத நம்பருக்கெல்லாம் இந்தப் படத்தக் காட்டு எண்டு சொல்லி வெச்சிரிக்கன்."

"எடு அத!"

"இஞ்ச எடுக்க ஒண்ணா மச்சான். லப்டொப் ஊட்ட இரிக்கி. கழட்டித் திருப்பிக் கட்டோணும். உங்களுக்குத்தான் சொல்லித் தந்தேனே."

அதற்குள் சனம் கீபோர்டைச் சூழ்ந்துகொண்டது. ஒருவர் 7 என்று அடித்தார். இன்னொருவர் தன்னுடைய போன் நம்பரையே அடித்தார். படம் இல்லாத எந்த இலக்கத்தை அடித்தாலும் அஸ்பாக் வந்து நித்திரை கொண்டான். பின்வரிசையில் நின்றவர்கள் இன்னும் ஒருக்கா, இன்னும் ஒருக்கா என்று கேட்டார்கள். ஹாஜியார் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார்.

"மஜீட், இது உங்கட முன்னறைதானே? சட்டர் தெரியுதே. இதுக்கயா மருமகன் கடை போடப் போறாராம்? என்ன கடை, நித்திரைக் கடையா?"

மஜீட் தேத்தண்ணிக் கோப்பையால் வாயை மறைத்துக்கொண்டார். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, சோறு தின்றுவிட்டு, அறைக்கு அளவெடுக்கிறேன் என்று போன மருமகன் அங்கேயே சாய்ந்தது அவருக்கும் தெரியும். மகள் போனைத் தூக்கிக்கொண்டு மெல்லப் போனதும் தெரியும்.

ஆனால் ஹாஜியாரின் முகம் சட்டென்று மாறியது. தன்னுடைய புதுச் சாரன்களின் படம் மட்டும் ஏன் இல்லை என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

"அது சரி, மனே அஸ்பாக். புதுச் சாரன் வருது எண்டு புள்ளைக்கிட்டச் சொல்லிறன் எண்டு சொன்னாய்தானே? சொன்னியா?"

சிரிப்பு அடங்கியது. எல்லாக் கண்ணும் அவன் மேல். டீவியில் கிடந்த அஸ்பாக்கின் வாய் திறந்திருந்தது. கீழே நின்ற அஸ்பாக்கின் வாய் ஒட்டிக்கொண்டது. அவனுக்கு உண்மையாகவே வெட்கம் வந்தது, படத்துக்காக அல்ல. பெண்சாதி ஊர் முன்னால் தலைகுனிய வேண்டும் என்று தான் இத்தனை பாடுபட்டது இப்போதுதான் அசிங்கமாகத் தெரிந்தது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மருதமுனையில் இனி அவனால் தேத்தண்ணி குடிக்க முடியாது.

"மறந்திரிப்பாரு ஹாஜியார்" என்றாள் றஸ்னா. "எல்லாத்தையும் உம்மா ஊட்டில வெச்சிட்டு வாற ஆளு இவரு. சொல்ல வேண்டிய கதையையும் அங்கயே வெச்சிட்டு வந்திரிப்பாரு. புதுச் சாரன்ட படத்த நான் இண்டைக்கு அந்திக்கே உள்ள போட்டுத் தாறன்."

ஹாஜியார் ஒரு மாதிரிச் சமாதானமானார். அஸ்பாக் கீபோர்டை விட்டு விலகி நின்றான். அவள் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

றஸ்னா வாப்பாவின் பக்கம் திரும்பினாள். "வாப்பா, ஒரு எடமாச்சும் வெள்ளையா நிண்டிச்சா?"

"இல்ல."

"புரோகிராம் விழுந்திச்சா?"

"விழல்ல. எந்த நம்பர அடிச்சாலும் படம் வந்திச்சு. நாலஞ்சு தரம் பாத்திட்டன்" என்றார் மஜீட். இழுக்காதீங்க என்று சொன்னவர் இவ்வளவு தெளிவாகச் சாட்சி சொல்வார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"உன்ட படத்த எடுக்கச் சொல்லாத மனே" என்றார் ஹாஜியார். மூன்று டிசைன் புதுச் சாரன்களையும் சனம் அவிழ்த்துப் பார்த்து, அப்படியே வாங்கிக்கொண்டிருந்தது. "இல்லாத நம்பரப் பாக்கவே ஆள் வரும் போல."

அந்திக்கு அஸ்பாக் சாய்ந்தமருதுக்குப் போனான். திரும்பி வந்தபோது பின்னால் ஓர் ஆட்டோவும் வந்தது. சாக்குகள் இறங்கின. முகம் வழிக்கிற சாமான், நகவெட்டி, மழைக்கோட்டு, சின்ன வயதுக் கிரிக்கெட் மட்டைகூட இறங்கியது. ஆகக் கடைசியாக, பேப்பர் சுற்றிய ஒரு தகரம்.

றஸ்னா பேப்பரைக் கிழித்தாள். 'அஸ்பாக் போன் ஹவுஸ்.'

"இது எப்ப எழுதின?"

"போன கிழமை" என்றான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "நான் செஞ்சது பிழை றஸ்னா. சாரன்ட கதைய மறக்கல்ல. வேணுமெண்டுதான் சொல்லாம விட்டன்."

"தெரியும். காத்தாடியப் பாத்தீங்களே, அப்பவே தெரியும்."

அவள் வாசல்படியில் குந்திச் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அஸ்பாக் தகரத்தைத் தூக்கிப் பின்பக்கம் திருப்பிச் சுவரில் சாய்த்தான். பின்பக்கம் வெள்ளை அடித்து வெறுமையாக இருந்தது. வீடு கட்டியபோது மிஞ்சிய நீலப் பெயின்ட்டை மஜீட் கொண்டுவந்து வைத்தார், தூரிகையையும் வைத்துவிட்டு உள்ளே போனார்.

'றஸ்னா மென்பொருள்' என்று அஸ்பாக் தன் கையாலேயே எழுதினான். எழுத்து கொஞ்சம் கோணல்தான். எழுதி முடித்துப் பார்த்தபோது கீழே ஒரு சாண் இடம் வெள்ளையாக மிஞ்சிக் கிடந்தது. தூரிகையை வைத்துக்கொண்டு தயங்கினான்.

"அறை உன்டதான். நான் இனி வாய் தொறக்கல்ல. ஆனா கீழ சின்னதா, போனும் திருத்தப்படும் எண்டு எழுதட்டா? மூலையில ஒரு மேசை போட்டாப் போதும்."

றஸ்னா போர்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், வாசலில் குவிந்து கிடந்த சாக்குகளைப் பார்த்தாள்.

"எழுதுங்க மச்சான்" என்றாள். "ஒரு எடம் வெள்ளையா நிண்டா அறை உங்களுக்குத்தானே போயிரும்."